பன்வில மலையும் போகம்பரைச் சிறையும்

சாத்தனார் இயற்றிய மணிமேகலைக் காப்பியத்திலே சிறைக்கோட்டம் ஒன்று அறக்கோட்டமாக மாறிய வரலாறு தனியொரு காதையாக அமைந்துள்ளது. காயசண்டிகையின் உருவைத் தாங்கிய மணிமேகலை, அமுதசுரபியைக் கையிலேந்திப் புகார் நகரத்துச் சிறைக்குள் நுழைகின்றாள். பசியால் வாடியிருந்தோர் யாவர்க்கும் உணவளிக்கின்றாள். செய்தி சோழ மன்னனை எட்டுகின்றது. அவன் அவளை அழைத்து, வேண்டுவது யாது என வினவுகின்றான். பொன்னையோ பொருளையோ அவள் கேட்கவில்லை. அச்சிறைக்கோட்டத்தை அறவோர் வாழும் கோட்டமாக ஆக்கித் தரவேண்டும் என்பதே அவளது வேண்டுகோள். மன்னனும் இசைகின்றான்.

சிறைச்சாலைச் சீர்திருத்தம் என்னும் சொற்றொடர் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று எண்ணுவோர் பலர். அந்த எண்ணத்தின் வித்து தமிழிலக்கியத்திலே மிகப் பழைமையானது என்பதை நேயர்கள் இதனால் அறியலாம். ஆயினும், காப்பியத்தில் ஒரு நாளில் நிகழ்ந்த மாற்றம் வரலாற்றில் அவ்வளவு விரைவாக நிகழ்வதில்லை. நாட்டின் சட்டம் யாரைக் குற்றவாளி என்று அழைக்கின்றது, அவனை எங்கே அடைக்கின்றது, எப்போது மீண்டும் மனிதனாக ஏற்றுக்கொள்கின்றது என்ற மூன்று வினாக்களுக்கும் விடை காண நூற்றாண்டுகள் செல்கின்றன. கண்டிச் சீமையின் கதை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

கண்டி நகரிலிருந்து வத்துகாமம் வழியாக மலையேறும் பாதை பன்வில என்னும் சிற்றூரை அடைகின்றது. நக்கிள்ஸ் எனப்படும் தும்பறை மலைத்தொடரின் மேற்குச் சாரலில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்து தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. ஹுலுகங்கை மலையிடுக்குகளில் வீழ்ந்து பாய்ந்து மகாவலியை நோக்கி ஓடுகின்றது. மேகம் தவழும் இம்மலைகளைக் காண்போருக்குச் சிறையின் நினைவு எழக் காரணமில்லை. எனினும் இலங்கையின் பழைய நீதி அறிக்கைகளைப் புரட்டுவோர், பன்வில பொலிஸ் கோடு என்ற பெயரை அங்கே காண்பர். சின்னஞ்சிறு மலையூரொன்றில் நீதிமன்றம் ஏன் தேவைப்பட்டது? அவ்வினாவிற்கான விடையிலேயே மலையகத் தமிழரின் சிறைக்கதை தொடங்குகின்றது. அதற்கு முன்னர், அம்மலைநாட்டை ஆண்ட மன்னர் காலத்தைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

கண்டியரசில் சிறைவாசம் என்பது எப்போதும் மதிற்சுவருக்குள் அடைபடுவதாக இருக்கவில்லை. 1660இல் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாக வாழ்ந்தார். அவரும் அவருடைய தோழர்களும் வெவ்வேறு கிராமங்களில் பிரித்து வைக்கப்பட்டனர். ஊர் மக்கள் முறைவைத்து அவர்களுக்கு உணவளித்தனர். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன்கொடுத்து வாங்கினார், வீடு கட்டினார். நாட்டை விட்டுச் செல்ல மட்டும் அவருக்கு உரிமையில்லை. மலைகளும் காவற் கடவைகளுமே அவருக்குச் சிறைச்சுவராயின. 1679இல் அவர் தப்பி, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். இரண்டாண்டுகளின் பின் வெளிவந்த அவரது நூல், கண்டி மக்களின் வாழ்வை மேல்நாட்டாருக்கு விரிவாக எடுத்துரைத்தது.

இதனைக் கொண்டு பழைய காலத்துத் தண்டனை மென்மையானது என்று முடிவு கட்டலாகாது. மன்னனது சினத்திற்கு ஆளானோர் கொடிய வதைக்கும் அங்கச் சேதத்திற்கும் உள்ளாயினர். கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் ஆட்சியில், எகலப்பொலை அதிகாரியின் குடும்பத்தினர் 1814இல் அடைந்த முடிவு இன்றும் கண்டியில் கண்ணீரோடு பேசப்படுகின்றது. ஆயின், தண்டித்த மன்னனே மறு ஆண்டில் கைதியானான். 1815 பெப்ரவரி 18ஆந் தேதி, தும்பறை நாட்டில் மெதமகாநுவரைக்கு அருகே அவன் பிடிபட்டான். தென்னாட்டு நாயக்க வமிசத்தில் உதித்த அம்மன்னன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான். இன்று பன்வில மக்கள் அண்ணாந்து நோக்கும் அதே மலைத்தொடரே, முடிமன்னன் ஒருவன் விலங்குபூண்ட காட்சியைக் கண்டது.

அதே 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆந் தேதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. அந்த ஒப்பந்தத்தின் வாசகங்களுள் ஒன்று வரலாற்று மாணவர் மறக்கக் கூடாதது. உடலை வதைக்கும் எல்லாவகைச் சித்திரவதையும், உறுப்புகளைச் சிதைக்கும் தண்டனையும் அறவே ஒழிக்கப்பட்டன என்று அது கூறுகின்றது. தேசாதிபதியின் எழுத்துமூலமான ஆணையின்றி எவர்க்கும் மரண தண்டனை நிறைவேற்றலாகாது என்றும் விதிக்கின்றது. ஒரு நாட்டைக் கைப்பற்றுவோர் தம் செயலுக்கு நியாயம் காட்ட எழுதிய வாசகம் அது என்பதை மறுப்பதற்கில்லை. மூன்றே ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. அதன் தலைவர் கெப்பட்டிப்பொலை 1818 நவம்பரில் கண்டிப் போகம்பரையில் தலை துணிக்கப்பட்டார். அவரது மண்டையோடு ஸ்கொத்லாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1954இலேயே தாயகம் திரும்பியது. அரசு துரோகியெனத் தண்டித்தவரை நாடு வீரரெனப் போற்றி வரவேற்றது. தண்டனைத் தீர்ப்பு வரலாற்றின் இறுதித் தீர்ப்பு ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தப் போகம்பரையிலேயே 1876இல் ஆங்கிலேயர் பெருஞ்சிறை ஒன்றை எழுப்பினர். அடுத்த ஆண்டில் இலங்கைச் சிறைச்சாலைகளுக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. உடலை வதைத்தல் என்ற பழைய முறை மாறி, காலத்தைப் பறித்தல் என்ற புதுமுறை வேரூன்றியது. மேல்நாட்டில் 1764இல் இத்தாலியரான பெக்காரியாவும், 1777இல் ஆங்கிலேயரான ஜோன் ஹவார்டும் எழுதிய நூல்கள் ஏற்படுத்திய மாற்றத்தின் தொடர்ச்சி அது. குற்றத்திற்கேற்ற அளவுடைய தண்டனை, தூய்மையான சிறை, ஒழுங்கான உணவு ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். ஆனால் சிறையைத் திருத்த விரும்பியோர் ஒரு வினாவை மறந்துவிட்டனர். உள்ளே வந்து சேர்வோர் உண்மையிலேயே குற்றவாளிகள்தாமா? இந்த வினாவைக் கண்டிச் சீமையின் தோட்டங்கள் எழுப்பின.

நொக்ஸ் தப்பிச் சென்றடைந்த அரிப்புக் கரையை அண்டிய மன்னார்க் கடலோரத்தில், சுமார் 150 ஆண்டுகளின் பின் தமிழ்நாட்டு உழவர் கூட்டங் கூட்டமாக வந்திறங்கினர். திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை முதலாய மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் அவர்களை விரட்டின. காட்டு வழியே மாத்தளையை நோக்கி நடந்தனர். காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலே மடிந்தோர் எண்ணற்றோர். எஞ்சியோர் கோப்பித் தோட்டங்களை உருவாக்கினர். 1869இல் கோப்பி இலைநோய் தோன்றி அப்பயிரை அழிக்கத் தொடங்கியது. பின்னர் தேயிலையை நட்டனர். பன்வில, மடுல்கலை மலைகளில் இன்று காணும் பசுமை அவர்களது கைகளின் ஆக்கம்.

அவர்களை ஆண்ட சட்டம், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். அதற்கு முன்னோடியாக 1841இலும் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லாவிடினும், வேலைக்கு வந்தவன் ஒரு மாதத்திற்கு ஒப்பந்தம் செய்தவனாகவே கருதப்படுவான். அந்த மாதம் முடிந்ததும், முன்னறிவித்தல் கொடுக்காவிடின், ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும். வேலைக்கு வராமை, வேலையில் கவனக்குறைவு, துரையிடம் மரியாதைக் குறைவு, அனுமதியின்றித் தோட்டத்தை விட்டுச் செல்லல் ஆகியவை குற்றங்கள். தண்டனையோ, சம்பள இழப்பு, ஐந்து பவுண் வரையான தண்டப்பணம், மூன்று மாதம் வரையான மறியல்.

ஒரு வணிகன் மற்றொருவனிடம் ஒப்பந்தத்தை மீறினால் நட்ட ஈடு கேட்டு வழக்காடலாம். அவனைச் சிறைக்கு அனுப்ப இயலாது. கூலித் தொழிலாளி ஒப்பந்தத்தை மீறினால் மட்டும் அது குற்றமாயிற்று. நோயுற்ற தாயைக் காணச் சொல்லாமற் சென்றவனும், கடுமொழி பொறாது பக்கத்துத் தோட்டத்தில் தஞ்சம் புகுந்தவனும் திருடனோடும் கொலைகாரனோடும் ஒரே சுவருக்குள் அடைபட நேர்ந்தது. மலையூர்களிலே பொலிஸ் கோடுகள் ஏன் எழுந்தன என்பது இப்போது விளங்கும். பல மைல் தூரத்திலுள்ள கண்டி நகருக்கு ஒவ்வொரு தொழிலாளியையும் கொண்டுசெல்வது தோட்டத் துரைமாருக்குத் தொல்லை. நீதிமன்றம் அருகிலிருந்தால் பிடியாணை விரைவில் கிடைக்கும். ஓடிப்போனவனும் விரைவில் திரும்புவான்.

இச்சட்டத்தின் முதுகெலும்பு கடன். தாயகத்திலிருந்து புறப்படும்போதே, வழிச்செலவிற்கும் குடும்பச் செலவிற்கும் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் எழுதப்படும். அரிசியும் கம்பளியும் அதனோடு சேரும். சம்பளமோ காலந்தாழ்த்தியே கைக்கு வந்தது. மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்தே ஆகவேண்டுமென 1889இல் சட்டமியற்ற வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, அதற்கு முந்திய நிலையை ஊகிக்கலாம். தொழிலாளர் கூட்டம் ஒரு தோட்டத்தை விட்டு வேறொன்றிற்குச் செல்வதானால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். துண்டைக் கையிலேந்திக் கங்காணி தோட்டம் தோட்டமாகச் சென்று விலை பேசுவான். புதுத் துரை பழைய துரையின் கடனை அடைப்பான். தொழிலாளியின் தோளிலிருந்த கடன் இறங்கவில்லை, கைமாறியது மட்டுமே. பல வேளைகளில் அது மாறுந்தோறும் வளர்ந்தது.

இங்கேதான் அம்முறையின் கொடுமை தெளிவாகின்றது. திருடியவன் தண்டனையை அனுபவித்து வெளியே வந்தால் கணக்குத் தீர்ந்தது. தோட்டத்தை விட்டோடியவன் மூன்று மாத மறியலை முடித்து வெளியே வந்தாலும், கங்காணியின் ஏட்டிலிருந்த கடன் அவனுக்காகக் காத்திருந்தது. அதே லயமும் அதே பிரட்டுக்களமும் அவனுக்காகக் காத்திருந்தன. மறுவாழ்வு என்பதற்கு அங்கே இடமேயில்லை. புதிய வாழ்வைத் தேடி நடந்ததுதான் அவனது குற்றமாகக் கருதப்பட்டது.

இந்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் முதன்மையாகக் கூற வேண்டியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1853இல் பிறந்த அப்பெருமகன், இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்து, நாட்டின் பல பகுதிகளில் நீதவானாகக் கடமையாற்றியவர்; பதிவாளர் நாயகமாகவும், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவராகவும் புகழ்பெற்றவர். உயர்குடியிற் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற ஒருவர், ஓய்வு பெற்ற பின்னர் கூலித் தொழிலாளரின் விலங்கை அறுக்கத் தம் இறுதியாண்டுகளைச் செலவிட்டார். 1915இல் அவர் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் அவரது தலைமையில் உருவாயிற்று. தொழிலாளியை மறியலுக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளை நீக்க வேண்டுமென்பதே அதன் முதற் கோரிக்கைகளுள் ஒன்று. தென்னாபிரிக்காவில் காந்தியடிகளோடு உழைத்த எச். எஸ். எல். போலக் போன்றோரும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். கடல்கடந்த இந்தியர் நிலை குறித்து இந்தியாவில் எழுந்த கொந்தளிப்பும் இலங்கை அரசை அசைத்தது.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறைக்கு முடிவு கட்டியது. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிலிடும் வழக்கமும் அக்காலத்தோடு ஒழிந்தது. அருணாசலம் 1924 ஜனவரியில் மதுரையில் காலமானார். தம் உழைப்பின் பயனைக் கண்டுவிட்டே கண்மூடினார். மறியல் தண்டனை நீங்கினால் தோட்டங்கள் அழிந்துவிடும் என்று அஞ்சியோர் உண்டு. ஆனால் 1920களில் தேயிலைத் தொழில் செழித்தது. 1927இல் குறைந்தபட்ச வேதனச் சட்டமும் வந்தது. நேற்றுவரை குற்றமாக இருந்தது மறுநாள் குற்றமல்லாததாயிற்று. அதனால் நாடு குலைந்துவிடவில்லை. சிறைச் சீர்திருத்தத்தின் முதற்பாடம் இதுவே. சிறையின் உட்புறத்தைத் திருத்துவதற்கு முன்னர், அதன் வாயிலுக்கு ஆட்களை அனுப்பும் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

இரண்டாவது பாடம், குற்றம் உண்மையாகவே செய்தவனைப் பற்றியது. இங்கே உலக வரலாற்றிலிருந்து ஒருவரை நினைவு கூர்தல் பொருத்தம். அலெக்சாண்டர் மக்கொனொக்கி என்னும் கடற்படை அதிகாரி, 1811 முதல் 1814 வரை பிரெஞ்சுக்காரரின் போர்க்கைதியாக இருந்தவர். அடைபட்டவனின் மனம் எவ்வாறிருக்கும் என்பதை அவர் அனுபவித்தறிந்தார். 1840இல், மீளாக் குற்றவாளிகள் எனக் கைவிடப்பட்டோரை அனுப்பும் நோபோக் தீவுக்கு அவர் அதிகாரியாகச் சென்றார். உழைப்பாலும் நன்னடத்தையாலும் கைதி புள்ளிகளைச் சேர்த்துத் தன் விடுதலையைத் தானே ஈட்டும் முறையை அங்கே நடைமுறைப்படுத்தினார். தண்டனை காலத்தால் அளக்கப்படாமல் திருத்தத்தால் அளக்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. நான்காண்டுகளில் அவர் திருப்பியழைக்கப்பட்டார். ஆயினும் அவர் இட்ட வித்தே பிற்காலத்தில் நிபந்தனை விடுதலை, திறந்தவெளிச் சிறை என்னும் மரங்களாக வளர்ந்தது.

இலங்கையிலே இவ்வெண்ணம் சட்ட வடிவம் பெற்றது 1939இல். சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டமும், இளங்குற்றவாளிகளுக்குப் பயிற்சிப் பாடசாலைகள் அமைக்கும் கட்டளைச் சட்டமும் அவ்வாண்டில் இயற்றப்பட்டன. பதினாறு வயதுப் பையன் ஒருவனை முதிர்ந்த குற்றவாளிகளோடு அடைப்பது, அவனைக் குற்றக்கலைக்குச் சீடனாக்குவதே என்பதை அரசு உணர்ந்தது. 1944இல் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன்படி நீதவான், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தை உத்தியோகத்தர் ஒருவரின் மேற்பார்வையில் தன் வீட்டிலேயே வாழ விடலாம். கைதியைச் சமூகத்தினின்றும் பிரித்துத் திருத்துவதைவிட, சமூகத்துக்குள்ளேயே வைத்துத் திருத்துவது எளிது என்னும் கொள்கை இங்கே வெற்றிபெற்றது.

இதற்கிடையில் போகம்பரைச் சிறையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி நாடறிந்தது. இரண்டாவது உலகப் போர்க்காலத்தில், சமசமாஜக் கட்சித் தலைவர்களாகிய என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்த்தனா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் விசாரணையின்றி அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்தனர். யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கிய இரண்டு நாட்களின் பின், 1942 ஏப்ரல் 7ஆந் தேதி, அவர்கள் சிறையிலிருந்து தப்பினர். காவல் புரிந்த சொலமன் என்னும் உத்தியோகத்தரே அவர்களுடன் சென்றார். பின்னர் நடந்தது என்ன? பிலிப் குணவர்த்தனா 1956இல் அமைச்சராகி, குத்தகை உழவரைக் காக்கும் நெற்காணிச் சட்டத்தைக் கொணர்ந்தார். என். எம். பெரேரா நிதியமைச்சரானார். கொல்வின் ஆர். டி சில்வா 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பை வரைவதில் தலைமை வகித்தார். சிறையிலிருந்து தப்பியோரின் கையால் நாட்டின் சட்டங்கள் எழுதப்பட்டன.

கல்வியும் செல்வாக்கும் உடையோருக்கு வரலாறு இரண்டாவது வாய்ப்பை அள்ளி வழங்குகின்றது. அவர்களது மறியல் தியாகமெனப் போற்றப்படுகின்றது. அதே போகம்பரையின் மற்றோர் அறையில் ஆறுமாதம் கிடந்து வெளியேறிய ஏழைக்கு அத்தகைய வரவேற்பு இல்லை. அவனுக்கு எஞ்சுவது மறியற்காரன் என்ற பட்டம் மட்டுமே. இந்த வேற்றுமையை நீக்குவதே உண்மையான சீர்திருத்தமாகும்.

அத்தகைய முயற்சி கண்டிக்கு அண்மையிலேயே நடந்தது. சுதந்திரத்தின் பின்னர் பல்லேகலையில் திறந்தவெளிச் சிறைமுகாம் ஒன்று அமைந்தது. இலங்கையின் அவ்வகை முகாம்களில் மூத்தவற்றுள் அதுவும் ஒன்று. உயர்ந்த மதிலும் ஆயுதக் காவலும் அங்கே முதன்மையல்ல. தண்டனையின் ஒரு பகுதியை நன்னடத்தையோடு கழித்தோர், வயலிலும் தோட்டத்திலும் உழைத்து வாழ்வர். ஓடிப்போவது எளிது, ஆயினும் ஓடாதிருப்பதே அங்கு கற்கும் கல்வி. நம்பிக்கை வைக்கப்பட்டவன் நம்பிக்கைக்குரியவனாகின்றான் என்பது அதன் அடிப்படை. பன்விலக் குன்றுகளிலிருந்து சில மைல் தொலைவிலேயே, தோட்டத்தை விட்டோடியவனைச் சிறைக்கனுப்பிய காலம் மாறி, சிறைக்கு வந்தவனைத் தோட்டத்தில் நம்பி விடும் காலம் பிறந்தது.

இந்தியாவிலும் இத்தகைய சோதனைகள் நடந்தன. மராட்டிய நாட்டில் அவுந்த் என்னும் சிறு சமஸ்தானம், 1939ஆம் ஆண்டளவில் சுதந்திரபுரம் என்ற பெயரில் கைதிகளுக்கென ஒரு குடியிருப்பை அமைத்தது. கொலைக்குற்றம் புரிந்தோரும் அங்கே விலங்கின்றி நிலத்தை உழுதனர். அதனைத் தழுவி 1957இல் சாந்தாராம் எடுத்த இந்தித் திரைப்படம் உலகப் புகழ் பெற்றது. அக்கதையே 1975இல் எம். ஜி. ஆர். நடித்த பல்லாண்டு வாழ்க என்ற படமாகத் தமிழில் வந்தது. அதனைத் திரையிற் கண்டு கலங்கிய தமிழ் மக்கள், அது கற்பனையன்று, நடந்த சோதனையின் நிழல் என்பதை அறிந்தால் மேலும் மகிழ்வர்.

திருந்துவதற்கு வாய்ப்பளித்தல் என்ற கொள்கை, தூக்குமேடையின் முன் பெருஞ் சோதனைக்குள்ளாகின்றது. 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு மரண தண்டனையை நிறுத்தி வைத்தது. பேராசிரியர் நோவல் மொரிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, அந்நிறுத்தம் நீடிக்க வேண்டுமென 1959இல் கருத்துரைத்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிரதமரே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு அதிர்ந்தது, தூக்குமேடை திரும்பவும் வந்தது. துயரும் சினமும் பொங்கும் வேளையில் பொறுமையான சிந்தனை பின்தங்குவது மனித இயல்பு. ஆயினும் 1976 ஜூன் மாதத்தின் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் அத்தண்டனை நீடித்தபோதிலும், அரை நூற்றாண்டாக நாட்டின் மனம் அதனை நிறைவேற்றத் துணியவில்லை.

போகம்பரைச் சிறையும் தன் காலத்தை முடித்துக்கொண்டது. அங்கிருந்த கைதிகள் பல்லேகலையில் அமைந்த புதிய தும்பறைச் சிறைச்சாலைக்கு மாற்றப்பட்டனர். 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு பழைய சிறை மூடப்பட்டது. தலதா மாளிகையிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், 137 ஆண்டுகளுக்கு மேலாக நின்ற அச்சிறையின் கதவுகளைப் பலர் உல்லாசப் பயணிகளாகச் சென்று பார்த்தனர். கட்டடம் காலியாயிற்று, வினா காலியாகவில்லை.

ஏனெனில், பழைய கடன் புதிய உருவில் இன்றும் உலவுகின்றது. சிறைச்சாலைத் திணைக்களத்தின் பல ஆண்டுப் புள்ளிவிபரங்களை நோக்கினால், தண்டனை பெற்று உள்ளே செல்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட இயலாதவர் என்பது புலனாகும். நீதவான் அவர்களுக்கு விதித்தது சிறையன்று, பணம். பணமுள்ளவன் அன்றே வீடு திரும்புகின்றான். இல்லாதவன் மறியலுக்குப் போகின்றான். ஒரே குற்றத்திற்கு இருவேறு தண்டனை! 1865இல் கங்காணியின் ஏட்டிலிருந்த கடனும், இன்று நீதிமன்றப் பதிவேட்டிலிருக்கும் தண்டமும் வேறுவேறானவை. எனினும் இரண்டின் முடிவிலும் ஏழையே சிறைவாயிலில் நிற்கின்றான்.

இதற்கு மாற்றுவழி இல்லாமலில்லை. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம், சிறைக்குப் பதிலாகச் சமூகப் பணியை ஆற்றும்படி கட்டளையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கின்றது. பாடசாலை மதிலைக் கட்டியும், வைத்தியசாலை வளவைத் துப்புரவு செய்தும் ஒருவன் தன் பிழைக்கு ஈடு செய்யலாம். அவனது குடும்பம் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. அரசும் அவனை உண்பிக்க வேண்டியதில்லை. உலக நாடுகள் 1955இல் ஜெனீவாவில் வகுத்த கைதிகளை நடத்தும் விதிகள், 2015இல் திருத்தப்பட்டு மண்டேலா விதிகள் எனப் பெயர் பெற்றன. இருபத்தேழு ஆண்டு சிறையிலிருந்து ஒரு நாட்டின் தலைவரான நெல்சன் மண்டேலாவின் பெயரை அவை தாங்குவது சாலப் பொருத்தமே.

சட்டம் செய்ய முடிவது இவ்வளவே. எஞ்சியதை ஊர் செய்ய வேண்டும். பன்விலப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் தண்டனை முடிந்து வீடு திரும்புவதாகக் கொள்வோம். லயத்தில் ஒரு காம்பராவில் நடக்கும் பேச்சு அடுத்த காம்பராவில் கேட்கும். அவன் வருவதற்கு முன்னரே அவன் கதை வந்துவிடும். வேலை தேடிச் சென்றால் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் கேட்கப்படும். கடையில் ஒரு பொருள் காணாமற்போனால் எல்லாக் கண்களும் அவனை நோக்கும். தங்கைக்கு வரன் பேசுவோர் தயங்குவர். நீதவான் விதித்த தண்டனை ஆறு மாதம். அயலார் விதிக்கும் தண்டனைக்குக் கால எல்லையில்லை. அதனைத் தாங்காதவன் மீண்டும் பழைய கூட்டாளிகளையே நாடுகின்றான். அப்போது, முன்னமே சொன்னோம் அல்லவா என்று அதே ஊர் சொல்கின்றது.

மலையகத் தமிழ் மக்களுக்கு இவ்விடயத்தில் தனிக் கடமை ஒன்று உண்டு. குற்றமே செய்யாத அவர்தம் பாட்டன் பூட்டன்மாரைச் சட்டம் ஒரு காலத்தில் மறியற்காரர் என்று அழைத்தது. அந்தப் பட்டம் எத்துணைப் பொய்யானது என்பதை அவர்கள் அறிவர். ஆதலின் ஒருவனை அவனது மறியற் பதிவைக் கொண்டு மட்டும் அளப்பது தகாது என்பதைப் பிறரினும் தெளிவாக உணரக்கூடியவர் அவர்களே. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தோள்கொடுக்க ஓர் இடம், பிரட்டில் ஒரு பெயர், மாலையில் பந்தாட ஒரு குழு ஆகிய சிறு சிறு செயல்களே மறுவாழ்வின் படிகள். அவற்றைக் கொடுக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

மணிமேகலையின் செயலில் மற்றுமொரு நுட்பம் உண்டு. அவள் முதலில் மன்னனிடம் சென்று முறையிடவில்லை. முதலில் சிறைக்குள் சென்றாள், பசித்தவர்க்கு உணவிட்டாள், அதன் பின்னரே அரசனிடம் வரம் கேட்டாள். யார் என்ன குற்றம் செய்தார் என்று அவள் வினவியதாகக் காப்பியம் கூறவில்லை. அரசு தன் கோட்டத்தை மாற்றியது பிறகு. மனிதர் மனிதரை நோக்கியது முதலில். தும்பறை மலைச்சாரலில் பேருந்தை விட்டிறங்கி, கையிற் சிறு பையோடு லயத்தை நோக்கித் தயங்கி நடந்துவரும் ஒருவனுக்கு, யாரேனும் வாசலிலே நின்று, வா தம்பி, தேநீர் குடி என்று சொல்வாராயின், அந்த இடத்திலேயே சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிவிடுகின்றது.